லசாருக்கு எத்தனை புள்ளி

"டீச்சர், ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. அதுக்கு மேல உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"எதுக்கு நம்பர், அண்ணாச்சி?"

"நல்ல படத்துக்கு. ஒரு அங்குலத்துல எத்தனை புள்ளி இருந்தா படம் நல்லா இருக்கும்?"

டெல்பின் டீச்சர் வடை சுற்றி வந்த பேப்பரை உதறி, சவரிராயனின் மூக்கோடு ஒட்டிப் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"எண்ணெய்."

"அப்புறம்?"

சவரிராயன் கண்ணைச் சுருக்கினார். "புள்ளி. சிவப்பு, நீலம், மஞ்சளா, ஒரே புள்ளி."

டீச்சர் பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"இப்போ?"

"நகைக்கடைப் பொண்ணு சிரிக்குது."

"புள்ளியெல்லாம் எங்க போச்சு?"

சவரிராயன் எட்டி, பேப்பருக்குப் பின்பக்கம் பார்த்தார்.

டீச்சர் வடையைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

இது என்ன பாடம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. சவரிராயனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

அந்த மனுசனைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. உப்பளத்து லாரிகளுக்கு எடை போடும் மேடையில் இருபது வருசம் உட்கார்ந்திருந்தவர். லாரி ஏறும். நம்பர் விழும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை. மேடையை மூடின பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் டீச்சரின் டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் டிசைன் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்.

டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயசு கம்மி. முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்ததால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார் என்று மட்டும் ஊரில் ஒருத்தர் சாட்சிக்கு வர மாட்டார்.

மாதா கோவில் திருவிழாவுக்கு ரோட்டை அடைத்து ஒரு பெரிய வளைவு ஃபிளெக்ஸ் கேட்டு வந்தார்கள்.

சவரிராயன் யாரிடமோ கேட்டு வந்து முந்நூறு போட்டார். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. மாதாவுக்குக் குறை வைக்கலாமா?

கம்ப்யூட்டர் மூச்சு விட மறந்து நின்றது. காலையில் நின்றது மத்தியானம் வரைக்கும் அசையவில்லை. வாசலில் திருவிழாக் கமிட்டி இளவட்டங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

டீச்சர் வந்தார். முந்நூறை அழித்தார். முப்பது போட்டார். மெஷின் கடகடவென்று ஓடியது.

"முப்பதா!" சவரிராயன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "டீச்சர், மாதா முகம் கட்டம் கட்டமா வருமே!"

"ஏணி வச்சு ஏறி, மாதா மூக்கோட மூக்கு உரசிப் பாக்கப் போறது யாரு? நீங்களா?"

வளைவு ஏறியது. ரோட்டில் நின்று பார்த்தால் மாதா பளிச்சென்று இருந்தார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

சரி, முப்பதுதான் நம்பர் என்று சவரிராயன் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற விழா. உள்ளங்கை அகலத்தில், பிள்ளையின் படம் போட்ட அழைப்பிதழ். சவரிராயன் தயங்காமல் முப்பது போட்டு அடித்துக் கட்டி வைத்துவிட்டார்.

பிள்ளையின் தாய் அதைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னய்யா இது, எம்பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

டீச்சர் அழைப்பிதழைப் பார்த்தார். சவரிராயனைப் பார்த்தார்.

"இதை எங்க வச்சுப் பாப்பாங்க, அண்ணாச்சி?"

"கையில."

"மாதாவை?"

"ரோட்டுல இருந்து."

"ம்."

அந்த 'ம்' சவரிராயன் தலைக்கு மேலே போனது. கையில் பார்ப்பதற்கு முந்நூறு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். உடனே உட்கார்ந்தார். அதே படம். முப்பதை அழித்து முந்நூறு என்று தட்டினார். அச்சுக் கொடுத்தார். அதே அம்மை முகம்தான் வெளியே வந்தது.

"டீச்சர், முந்நூறு போட்டுட்டேனே! இப்பவும் அப்படியேதானே இருக்கு!"

டீச்சர் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எடை மேடையில பத்து டன் லாரி ஏறுது. நீங்க சீட்டுல முப்பது டன்னுன்னு எழுதுறீங்க."

"எழுதுவனா? நான் அப்படிப்பட்ட ஆளா!"

"எழுதிட்டீங்கன்னு வச்சுக்கங்க. உப்பு கூடிருமா?"

சவரிராயன் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார்.

இருபது வருச வேலையில் அவரை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. இன்றைக்குத் தன் கையாலேயே கள்ளச் சீட்டு எழுதியிருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போனது. பிள்ளையின் வீட்டுக்கு ஓடி, அவர்கள் போனில் இருந்த பெரிய படத்தை அப்படியே வாங்கிவந்து அடித்துக் கொடுத்தார்.

அதோடு விட்டாரா? அச்சுக்குச் செய்த கனமான ஃபைலை அப்படியே பிள்ளையின் மாமனுக்குப் போனில் ஸ்டேட்டஸ் வைக்க அனுப்பினார். அது திறக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. மாமன் போன் போட்டு மாமன் முறைக்குத் திட்டினான்.

சவரிராயனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு நாள் அதிகம்ங்கிறீங்க, ஒரு நாள் கம்மிங்கிறீங்க! இருபது வருசம் ஒரு கிலோ முன்னப்பின்ன ஆனதில்ல எனக்கு. இங்க வந்து மூணு வாரத்துல பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கு. ஒண்ணு, நம்பரைச் சொல்லுங்க. இல்ல, நான் வீட்டைப் பாக்கப் போறேன்."

"போங்க," என்றார் டீச்சர். "போறப்போ வாசல்ல நிக்கிற அம்மாவை உள்ள வரச் சொல்லிட்டுப் போங்க."

அப்படி வந்தவர்தான் இஞ்ஞாசியம்மாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்குள் கோவிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். கையில் ஒரு போன். அதைச் சவரிராயனிடம்தான் நீட்டினார். நரைத்த தலையைப் பார்த்து அவர்தான் முதலாளி என்று நினைத்துவிட்டார் பாவம். சவரிராயனுக்கும் வீட்டுக்குப் போகிற எண்ணம் போய்விட்டது.

"இதுல எங்க வீட்டு ஆளு இருக்காவ. கல்லறைத் திருநாளுக்குள்ள படம் வேணும் தம்பி. சிலுவையில பதிக்கணும்."

தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரிக்கிற விழாவில் யாரோ எடுத்த படம். முன்னால் சாமியார், கூட்டம், கொடி. பின்னால் ஒரு படகு. படகின் முன்தலையில் விரலளவுக்கு ஒரு ஆள் நின்றான்.

"இதா?"

"அதேதான். லசார்."

"வேற படம் இல்லையா? ஆதார், ரேசன் கார்டு..."

"அட்டையெல்லாம் சட்டப்பையில போட்டுக்கிட்டுத்தானே கடலுக்குப் போவாவ. அவுகளோட அதுவும் போச்சு. கல்யாண ஆல்பம் வெள்ளத்துல ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. பிச்சுப் பாத்தேன். என் முகம் வந்துச்சு. அவுக முகம் வரல."

"படம் எடுத்தவர்கிட்ட ஒரிஜினல் இருக்குமே?"

"அவன் போனை மாத்திட்டான். எனக்கு இது பத்துப் பேர் கை மாறி வந்தது."

சவரிராயன் படத்தைப் பெரிசாக்கினார். லசாரின் முகம் கஞ்சி மாதிரி ஆனது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

"உடம்பு கிடைக்கல தம்பி," என்றார் இஞ்ஞாசியம்மாள். "கல்லறையில சும்மா ஒரு சிலுவை நட்டிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்ல. மேல பேரு இருக்கு. அன்னைக்கு எல்லாரும் மெழுகுதிரி கொளுத்தி, அவுக அவுக ஆளு முகத்தைப் பாத்து ஜெபம் சொல்லுதாவ. நான் எழுத்தைப் பாத்துச் சொல்லுதேன். எனக்கு எழுத்தும் வாசிக்கத் தெரியாது."



இஞ்ஞாசியம்மாள் குரலைத் தணித்தார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"எனக்கு அவுக முகம் மறந்துபோச்சு தம்பி. யார்ட்டயும் சொல்லல. கண்ணை மூடுனா படகு வாரது தெரியுது. அவுக முன்னால நிக்கது தெரியுது. முகந்தான் வரல. கட்டுன புருசன் முகத்தை மறக்கவளை என்னான்னு சொல்ல?"

அதுவரை மூலையில் ஃபிளெக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்தினார்.

"படகு வரும்போது எங்க இருந்து பாப்பீங்க?"

"கரையில இருந்துதான். வேற எங்க இருந்து பாக்க?"

டீச்சர் திரும்பவும் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

பார்த்தீர்களா, என்ன மனுசி! அழுகிற பொம்பளைக்கு ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. சவரிராயனுக்கு ஆத்திரமாக வந்தது. விடுவேனா என்று உட்கார்ந்தார்.

மறுநாள் பூராவும் லசாரோடு மல்லுக்கட்டினார். மங்கின முகத்தைத் தெளிவாக்கிக் கொடுக்கிற வெப்சைட் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கஞ்சி முகத்தை வெட்டி அதில் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

ஆத்தாடி!

கண் வந்தது. மூக்கு வந்தது. மீசையில் முடி முடியாக வந்தது. கன்னத்தில் ஒரு மச்சம்கூட வந்தது. சவரிராயன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கையில் வைத்துப் பார்க்கிற அளவில் முந்நூறு புள்ளிக்கும் குறையாத படம். இந்த முறை கள்ளச் சீட்டு இல்லை. உப்பு நிஜமாகவே கூடியிருக்கிறது!

இஞ்ஞாசியம்மாளை வரச் சொன்னார். அச்சடித்த படத்தைக் கையில் கொடுத்தார்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவுகளா?"

"நீங்கதான் அம்மா சொல்லணும்."

"மச்சம் இருந்துச்சோ?" விரலால் தொட்டுப் பார்த்தார். "இருந்திருக்கும். கம்ப்யூட்டர் பொய்யா சொல்லப் போகுது? எனக்குத்தான் மறந்துபோச்சு."

அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்து, முன்னப்பின்ன தெரியாத பெரிய மனுசரிடம் பேசுவது மாதிரி, "மன்னிச்சுக்கங்க. தப்பு என் பேர்லதான்" என்றார்.

சவரிராயன் பில் எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. படம் அருமையாக இருக்கிறது. அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டுவிட்டார். அப்புறம் என்ன?

டீச்சர் எழுந்து வந்தார். படத்தை இஞ்ஞாசியம்மாள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இன்னும் வேலை பாக்கி இருக்கும்மா. நாளைக்குப் படகு வர்ற நேரத்துக்குக் கடற்கரைக்கு வாங்க."

இஞ்ஞாசியம்மாள் போனதும் டீச்சர் சொன்னார்:

"அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அமுக்குங்க, அண்ணாச்சி."

அமுக்கினார். முகம் வந்தது. மச்சம் இல்லை. மூக்கு கொஞ்சம் நீண்டிருந்தது.

"இன்னொரு தடவை."

வந்தது. இந்த ஆளுக்கு மீசையே வேற மாதிரி. தாடையில் பள்ளம்.

"இன்னொரு தடவை."

சவரிராயனின் கை மவுசிலிருந்து விலகிக்கொண்டது. திரையில் பார்த்தார். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார்.

"இதுல லசார் யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

சவரிராயன் பேய்முழி முழித்தார். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. யாரோ ஒரு ஆம்பளையை அந்த அம்மாவுக்குப் புருசனாக்கப் பார்த்தோமே என்று அந்தப் படத்தைக் கவிழ்த்துப் போட்டார்.

"அப்போ அந்த அம்மாவுக்கு என்னத்தக் குடுக்குறது, டீச்சர்?"

"இருக்கிறதைக் குடுங்க."

"இருக்கிறது கஞ்சிதானே!"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன அச்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். தபால் தலை அளவுதான். படகின் முன்தலையில் லசார் முழு ஆளாக நின்றார். தலையில் துண்டு. ஒரு கை இடுப்பில். கூர்மையாக, அழகாக இருந்தது.

"இது எப்போ இவ்வளவு தெளிவாச்சு?"

"அது எப்பவும் அப்படித்தான் இருக்கு. நீங்கதான் இழுத்துப் பெரிசாக்குனீங்க."

"அப்போ சிலுவைக்கு இது போதுமே! கடற்கரைக்கு எதுக்கு வரச் சொன்னீங்க?"

"முதல்ல அவங்க பாக்கட்டும். அப்புறம் சிலுவை."

"இதைத்தானே பாக்கப் போறாங்க?"

"இல்ல." டீச்சர் ஃபிளெக்ஸ் மெஷினைக் காட்டினார். "அதே ஆளை, ஆள் உசரத்துக்கு அடிங்க."

சவரிராயன் தன் காதை நம்பவில்லை. "சின்னதா இருந்தா நல்லா இருக்குன்னு இப்பத்தானே காட்டுனீங்க? ஆள் உசரத்துக்கு அடிச்சா கட்டம் கட்டமா வருமே!"

"வரும்."

"தெளிவாக்க வேண்டாமா?"

"ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது."

அடித்தார். வந்தது. கிட்டே நின்று பார்த்தால் தரையில் ஓடு பதித்த மாதிரி இருந்தது. பழுப்பில் ஒரு சதுரம், கறுப்பில் ஒரு சதுரம், மறுபடி பழுப்பு. அதை மரச்சட்டத்தில் அடிக்கும்போது சவரிராயனுக்கு மானம் போனது. பொம்பளை கண்ணீரும் கம்பலையுமாகக் கேட்டு வந்ததற்கு இதையா கொண்டுபோய்க் காட்டுவது? மண்ணை வாரித் தூற்ற மாட்டாரா?

மறுநாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

அங்கே தூண்டில் வளைவு உண்டு. கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கல்லாகக் கொட்டிக் கடலுக்குள் நீட்டி விட்டிருக்கிற கரை. கல்லெல்லாம் பாசி. டீச்சர் கரையில் நின்று, அவர் சட்டைப்பையில் இருந்த போன் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"போங்க, அண்ணாச்சி."

"எவ்வளவு தூரம்?"

"போங்க."

"டீச்சர், ஒரு அளவு சொல்லுங்களேன்!"

"இன்னும் போங்க."

காற்று சட்டத்தைப் பிடித்து இழுத்தது. ரெண்டு தடவை வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு மனுசன் வாங்குகிற அடியா இது? எடை மேடையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தோமே என்று அழுகை வந்தது.

"நில்லுங்க," என்றது போன். "கரையைப் பாத்துத் திருப்பிப் பிடிங்க. நீங்க வெளிய தெரியக் கூடாது."

பிடித்தார். அவர் முகத்துக்கு நேரே ஃபிளெக்ஸின் வெறும் பின்பக்கம். வேறு ஒன்றும் தெரியவில்லை. போன் கட்டாகிவிட்டது.

நின்றார்.

கரையில் என்ன நடக்கிறதோ? அந்த அம்மா வந்தாரா? பார்த்தாரா? பார்த்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிப் போகிறாரா? படத்தைக் கேட்டால் கட்டத்தையும் சதுரத்தையும் காட்டுகிறார்களே என்று சாபம் விடுகிறாரா? எத்தனை புள்ளி போட்டிருக்க வேண்டும்? எதைக் கூட்டி எதைக் குறைத்திருக்க வேண்டும்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கை மரத்துப்போனது. போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தார்.

அப்போதுதான் சத்தம் வந்தது.

அது இஞ்ஞாசியம்மாள் குரல் என்று அவருக்கு முதலில் பிடிபடவே இல்லை. கடைக்குள் கோவிலுக்குள் வருகிற மாதிரி வந்த குரல் இல்லை அது. கடல் இரைச்சலுக்கு மேலே எழும்பிக் கத்திப் பழகின குரல். கோபமும் சிரிப்புமாக ஒரு குரல்.

"ஓய்! அங்கன என்ன இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கீரு? எம்புட்டு நேரம் காத்துக் கிடக்கேன்! கல்லுல பாசி கிடக்கு, பாத்து வாரும்!"

சவரிராயனின் கால் தானாக ஒரு எட்டு முன்னால் போனது.

"அண்ணாச்சி!" கரையிலிருந்து டீச்சர் அலறினார். "கிட்ட வராதீங்க! அங்கேயே நில்லுங்க!"

அவர் காலைப் பின்னால் எடுத்து வைத்தார். சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கண்ணீர் மூக்கோரமாக வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை.